லாபக் கணக்கைக் கேட்காத இரண்டு சதவீதம்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்றதும் மதுரைப் பக்கம் பலருக்கு நினைவுக்கு வருவது, கொடுத்த நிறுவனத்தின் பெயரைப் பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக எழுதி வராந்தாவில் மாட்டிய ஆர்.ஓ. இயந்திரம்தான். பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறதே தவிர, அந்த லாபம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. சொந்தத் தொழிலாளர்களுக்கான செலவு இக்கணக்கில் சேராது என்று 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் சொல்வதும் சரியே. கூலியும் பாதுகாப்பும் தர்மமாகிவிடக் கூடாது. அப்படியானால் அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் யார்?

தொண்டு நிறுவனங்கள் என்பீர்கள். அவற்றில் பல இன்று இதே நிதியைப் பெற்றுத்தான் வேலை செய்கின்றன. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, சட்டத்தின் அமைப்பே அப்படி.

வங்கதேசத்தில் 2013இல் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபின், பிரான்சில் சமூக அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் விடாமல் வற்புறுத்தியதால் 2017இல் ஒரு சட்டம் வந்தது. துணை நிறுவனங்களிலும், தொடர்ந்து சரக்கு வாங்கும் ஆலைகளிலும் நடக்கும் உரிமை மீறல்களைத் தடுக்கும் பொறுப்பை அது பெருநிறுவனங்கள்மேல் சுமத்தியது. நமக்கு இன்னும் அருகில், திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளி 2021இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டு பிராண்டுகளுடனும் 2022இல் ஒப்பந்தம் போட்டது. தையல் லைனிலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் பாலியல் தொல்லைகளைக் கண்காணிக்க அது வழி செய்தது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டருக்கே பாதிப்பு என்றும் சொன்னது. எந்த 2 சதவீதமும் இதைச் செய்திருக்காது.

உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆவது பிரிவிலேயே ஒரு வரி உண்டு. அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமே 2021இல் விளக்கிவிட்டது. அமைப்புகள் முதலில் போராட வேண்டியது இந்த வரிக்காக என்பேன். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர்ப் பகுதிக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கமே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கிராம சபைக்கு, தன் ஊரில் சம்பாதிக்கும் கம்பெனியின் நிதி எதற்குப் போக வேண்டும் என்று சொல்லவும் தெரியும். அதன் ஒப்புதலைக் கேட்டாக வேண்டும் என்பதை விதியிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.