ஒக்ஷன் ஷீட் கேட்கிற வாய்க்குக் காற்றின் திசை கேட்க ஏன் வரவில்லை?

ரீகண்டிஷன் விட்ஸ் கார் ஒன்று எடுக்கப் போனால் எங்கள் ஆட்கள் தரகரைப் படுத்துகிற பாடு தெரியும்தானே? ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிக் கொடுத்த ஒக்ஷன் ஷீட் எங்கே, மைலேஜ் உண்மையா, பொனட்டில் பெயின்ட் அடிச்சிருக்கா... கொழும்பு யூனிட்டி பிளாசாவில் பழைய லெப்டொப் வாங்கினால்கூட ஓன் பண்ணிக் காட்டச் சொல்லுவோம். அதே ஆட்கள் டேட்டா சென்டருக்கு ரீஃபர்பிஷ்ட் (பாவிச்சுத் திருத்தின) நெட்வேர்க் சுவிட்ச் எடுக்கும்போது மட்டும் இரண்டே கேள்வி: எத்தனை போர்ட்? கடைசி விலை என்ன?

நானும் அப்படித்தான் மாட்டினேன்.

2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை ஏறியபோது, புதுப்பெட்டிக்கு வாங்கி வைத்திருந்த கொட்டேஷன் வெறும் கடதாசியாகிவிட்டது. அப்போதுதான் பாவிச்ச சிஸ்கோ சுவிட்ச், நெக்ஸஸ் 93180வைசி-ஈஎக்ஸ் ஒன்றை எடுத்தோம். 25 ஜிகாபிட் போர்ட் 48, 100 ஜிகாபிட் போர்ட் 6. எங்கள் வேலைக்குத் தாராளம். இன்றைக்கும் அந்தத் தெரிவில் எனக்குக் குறையில்லை.

பெட்டி துடைத்து மினுக்கி வந்தது. சேர்வர்களின் பின்பக்கம் போர்ட் வருகிற மாதிரி றாக்கில் பூட்டினோம். ஒரு மணித்தியாலத்துக்குள் டெம்பரேச்சர் எலார்ம். பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்த தம்பி சொன்னான்: "அண்ணா, இது சூட்டையெல்லோ குடிக்குது!"

ஃபேன் பிடியின் நிறம் கருஞ்சிவப்பு. அப்படியென்றால் போர்ட் பக்கத்தால் காற்றை உள்ளே இழுக்கும். எங்கள் போர்ட் பக்கமோ சேர்வர்கள் அனல் கக்குகிற பக்கம். எங்களுக்கு வேண்டியிருந்தது போர்ட் பக்கத்தால் காற்றை வெளியே தள்ளுகிற நீலம். ஃபேனும் பவர் சப்ளையும் ஒரே திசையில்தான் ஊத வேண்டும், கலந்து போட முடியாது. ஆக நாலு ஃபேன், இரண்டு பவர் சப்ளை, எல்லாம் திரும்ப வாங்கினோம். மிச்சம் பிடித்த காசில் பெரும்பங்கு அங்கேயே போச்சு. விற்றவரிடம் கேட்டால், "நீங்க திசை சொல்லேல்லையே" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

இப்போதெல்லாம் காசு கட்டுமுன் கன்சோலில் 'ஷோ என்வைரன்மென்ட்' அடித்து, அந்தத் திரையை அப்படியே அனுப்பச் சொல்லுவேன். ஃபேன், பவர், சூடு எல்லாம் அதில் கிடக்கும். காற்றின் திசை உட்பட. மினுக்கின முகப்பின் படம் எனக்கு எதற்கு?

பெட்டி எந்தக் காலத்தது என்று அறிய சீரியல் நம்பரையும் விடமாட்டேன். 2017 பெப்ரவரியில் சிஸ்கோ தன் சில கருவிகளில் இருந்த க்ளொக் உறுப்பு ஒன்றைப் பற்றி அறிவித்தது. ஏறத்தாழ 18 மாதம் ஓடியபின் அது செத்துப்போகலாம். செத்தால் பெட்டி பூட் ஆகாது, மீட்கவும் வழியில்லை. அந்தக் காலத்துப் பெட்டியென்றால் போர்ட் மாற்றினதா என்று கேளுங்கோ, மதர்போர்ட்டைச் சொல்லுறன். லைசன்ஸ் உங்கள் பெயருக்கு மாறுமா, மென்பொருள் ஆதரவு எந்த வருஷம் முடிகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கோ.

அந்த நாலு சிவப்பு ஃபேனும் இன்னும் என் லாச்சிக்குள்தான் கிடக்கு. போர்ட் பக்கம் குளிர் வருகிற றாக் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாங்கோ.