கேளுங்க, நானும் கேட்பேன்

இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் வளர்ந்த நம்ம பிள்ளைகள் இப்போது ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். பஸ்ஸிலோ, கோச்சி என்று நாங்கள் சொல்கிற ரயிலிலோ பக்கத்தில் உட்காருகிறவர் "எங்க போறீங்க, என்ன வேலை, கல்யாணம் ஆயிருச்சா" என்று கேட்டால் அது அநாகரிகமாம். இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட வேண்டுமாம். கொழும்புக்கு வேலைக்குப் போன தம்பி தங்கச்சிமார்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதைச் சொல்வது நாற்பதை நெருங்கும், கல்யாணம் கட்டாத ஒரு டீச்சர். ஹட்டனில் கோச்சி ஏறினால் சிங்கமலைச் சுரங்கம் தாண்டுவதற்குள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு அக்கா விசாரணையைத் தொடங்கிவிடுவார். ஆகவே அனுபவம் இல்லாமல் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

போன மாரியம்மன் திருவிழா லீவில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு, கால் வைக்க இடமில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா மடியில் ஒரு உரப்பை, உள்ளே கருவாடும் வல்லாரையும். வட்டகொடையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?"

சொன்னேன்.

"அதுல எந்த டிவிசன்?"

"கீழ்ப்பிரிவு."

"புள்ளைங்க?"

"கட்டல அக்கா."

"ஏன்?"

"வேணாம்னு தோணுச்சு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சோறு யாரு ஆக்குறா?"

"நாந்தான்."

"அப்ப பரவாயில்ல."

என் சொந்தக்காரர்கள் இத்தனை வருஷமாக முடிக்காத வழக்கை அவர் கொட்டகலை வருவதற்குள் முடித்துவைத்துவிட்டார்.

அடுத்தது என் முறை. நெற்றியில் பொட்டு இல்லையே என்று பார்த்து, "நீங்க என்ன சாமி கும்பிடுறீங்க?" என்று கேட்டேன். சின்ன மகனுக்கு இழுப்பு வந்து பிழைக்கமாட்டான் என்றிருந்தபோது சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்களாம். அன்றிலிருந்து சபைதான். "அவரு மட்டும் வரமாட்டாரு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற ஆளு. கவ்வாத்துச்சாமிக்குக் கோழி அறுக்காம கத்திய எடுக்க மாட்டாரு."

"அந்தக் கறிய நீங்க சாப்பிடுவீங்களா?"

"படைச்சத சாப்பிடக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு." உரப்பையைச் சரிசெய்துகொண்டார். "படைக்கிறதுக்கு முந்தியே எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சுருவாரு."

மதமாற்றத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற யாரும் இந்தக் கோழிக்கறியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கவ்வாத்து வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு சாமி, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் சுற்றுகிற ரோதைச் சக்கரத்துக்கு ரோதமுனி என்று, வந்த இடத்து வேலைக்கேற்பச் சாமி உண்டாக்கிக்கொண்ட சனம் நாங்கள். ஒரு வீட்டுக்குள் சபையும் கவ்வாத்துச்சாமியும் எப்படி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை நான் கேட்டதால்தான் தெரிந்துகொண்டேன். அவர் என்னை முதலில் கேட்டதால்தான் எனக்கும் கேட்க வாய் வந்தது.

என் கட்சி இதுதான். முன்பின் தெரியாதவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அதே கேள்வியை நான் அவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா என்பதைத்தான் பார்ப்பேன். கோச்சியில் முடியும். எங்கள் சனம் வாழ்க்கையில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்த கேள்விகள் எல்லாம் திருப்பிக் கேட்க முடியாத இடத்திலிருந்து வந்தவை.

1948-ல், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமை போனது. அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதில் பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிறவருக்கு என்ன விதி தெரியுமா? 1946 ஜனவரி 1-க்கு முன்னால் தொடர்ச்சியாக இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். கல்யாணம் கட்டியவருக்கு 7 வருஷம், கட்டாதவருக்கு 10 வருஷம். கல்யாணம் ஆயிருச்சா என்று எங்களைக் கோச்சி அக்காவுக்கு முன்னால் கேட்டது அரசாங்கம்தான்! பெண்சாதி பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லாத காலம் அது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டார்கள். தேறியது ஆறில் ஒரு பங்கு வராது.

கேட்டே ஆகவேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். மீதியை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அந்த 1964 கையெழுத்துக்கு முன்னால் தோட்டத்து ஆட்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

அதனால்தான் "எந்தத் தோட்டம்?" என்ற கேள்வியை நான் அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கப்பலேற்றத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ஒப்பாரிக் கோச்சியில் அக்கா போனாள், தங்கச்சி நின்றாள். அண்ணன் கூடலூரில், தம்பி பொகவந்தலாவையில். 1984-ல் கப்பலும் நின்றுபோனது. கடிதம் போட்டாலும் லயத்துக்கு நேரே வராது, தோட்டத்து ஆபீசுக்குப் போய்த்தான் வரும். அந்த நிலைமையில் சொந்தத்தைத் தேட இருந்த வழி, பார்க்கிறவரை எல்லாம் விசாரிப்பதுதான். என் அம்மாவின் பெரிய அக்கா நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்ற தகவல், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு தாத்தாவிடம் அம்மா வாய்கொடுத்ததில் வந்தது. அம்மா அன்றைக்கு நாகரிகம் பார்த்துச் சும்மா நின்றிருந்தால்?

சரி, இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கம் ரோட்டோரத்து மலையில் கொழுந்து எடுக்கிறவர்களிடம் வேனை நிறுத்தி வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். எத்தனை பிள்ளை, வயசென்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கைடு வழியாகக் கேட்பார்கள். எங்கள் ஆட்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா கூடையை இறக்கிவைத்து, வந்திருந்த வெளிநாட்டுப் பெண்ணைக் காட்டி, "இந்த நோனாவுக்கு எத்தன புள்ள, எவ்வளவு சம்பளம்னு கேளு தம்பி" என்றார். கைடு சிரித்தானே ஒழிய கேட்கவில்லை. "அதெல்லாம் அவங்கள்ட்ட கேக்கக் கூடாதும்மா" என்றான். அந்த நோனாவுக்குத் தன்னிடம் ஒரு கேள்வி வந்ததே தெரியாது. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. சம்பளம் கேட்பது பண்பில்லையாம். எங்கள் சம்பளம் எப்போது ரகசியமாக இருந்தது? நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம் என்று நாடே பார்த்தது. 2021-ல் அது அரசிதழான வர்த்தமானியில் வந்தது, 2024-ல் 1,350 ஆனதும் அப்படித்தான். அம்மாவின் சம்பளத்தைப் பாராளுமன்றத்தில் விவாதிக்கலாம், மகளின் சம்பளத்தைக் கோச்சியில் கேட்கக்கூடாதா? (என்னுடையதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஆசிரியர் சம்பளச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளவும். கடன் கழித்துக் கைக்கு வருவதைக் கேட்காதீர்கள், எனக்கே பார்க்கப் பிடிக்காது.)

ஆனால் என் அளவுகோல் ஒரு இடத்தில் உடைகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி. இப்போது யாரும் அதை நேராகக் கேட்பதில்லை. "இந்தியாவுல ஒங்களுக்கு எந்த ஊரு?" என்பார்கள், "மேல் லயமா கீழ் லயமா?" என்பார்கள், "திருவிழாவுல ஒங்களுக்கு என்ன உரிமை?" என்பார்கள். சாதி பார்த்து லயம் பிரித்துக் கொடுத்த காலத்தின் வாசனை அது. இதைத் திருப்பிக் கேட்கலாமே? தாராளமாகக் கேட்கலாம். கேட்டவர் அதற்காகத்தான் காத்திருப்பார். தன் பதில் நம்முடையதைவிட மேலே நிற்கும் என்று நினைப்பவர்தான் அதைத் தொடங்கவே தொடங்குவார். அதனால் அந்தக் கேள்வி வந்தால் மட்டும் நான் பதிலும் சொல்வதில்லை, திருப்பியும் கேட்பதில்லை. "தெரியாது" என்பேன். "தெரியாமலா இருக்கும்?" என்றால், "எங்க வீட்ல சொல்லித் தரல" என்பேன். நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

பெண்கள் பெண்களிடம் கேட்கிற ஒன்றும் இருக்கிறது. "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என் சிநேகிதி ஒருத்தி இந்தக் கேள்விக்குப் பயந்து கோயில் அன்னதானத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். கேட்கிறவருக்கு மூன்று பிள்ளை இருக்கும். இதைக் கேட்கிறவர்களைப் பார்த்துக் கோபப்படுகிற பிள்ளைகளோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். இதற்கு மலையகத்து வரலாறு எதையும் சாட்சிக்கு இழுக்க முடியாது. விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

அந்த மாதிரி விசாரணை இல்லாமலும் எங்களால் பேச முடியும். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியிலிருந்து ராத்திரி ஏறிப் பாருங்கள். படியில் மூச்சிரைக்க உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர், தமிழரோ சிங்களவரோ, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே "முதல் தடவையா?" என்றுதான் கேட்பார். மேலே இருப்பது சிவன் பாதமா, புத்தர் பாதமா, ஆதாம் பாதமா என்று அந்தப் படியில் யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிப்பது வழக்கம். அந்தக் கணக்கை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்குகிறோம்.

இப்போது கொழும்புப் பிள்ளைகளின் கோபத்துக்கு வருகிறேன். புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற நம்ம தம்பிமாரிடம் ஊர் கேட்டால் "கண்டி" என்பார்கள். கொஞ்சம் துருவினால் "ஹட்டன் டவுன்". தோட்டத்துப் பெயர் வாயில் வராது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அறை வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறும், முதலாளி பேசுகிற தொனி மாறும். தோட்டத்துப் பெயர் ஒன்றைச் சொன்னதும் கேட்டவர் மீதி எல்லாவற்றையும் தானே முடிவுகட்டிக்கொள்வார். யுத்தகாலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிப் பதில் சொன்னவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஊர் பெயர் கேட்டாலே உடம்பு விறைப்பதில் ஆச்சரியம் என்ன?

அதனால் அங்கே நான் முறையை மாற்றிக்கொண்டேன். கேட்பதற்கு முன்னால் என்னுடையதைச் சொல்லிவிடுவேன். போன வருஷக் கடைசியில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிற தம்பி, பேச்சை வைத்தே நம்ம பையன் என்று தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "நான் இன்ன தோட்டம், கீழ்ப்பிரிவு" என்றேன். மெஷினை விட்டுக் கையை எடுத்தான். "நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் மிஸ்" என்றான். பிறகு யார் நிறுத்துவது? எந்த ஸ்கூல், எந்த வருஷம், அப்பா இருக்காரா, லயத்துலதானா வீடு கிடைச்சுதா, காளியம்மன் கோயிலுக்குத் தகரம் மாத்திட்டாங்களா என்று அவன் கேட்க, அவனுடைய தங்கச்சி ஏ.எல். பரீட்சையில் என்ன எடுத்தாள், அறைக்கு எவ்வளவு வாடகை, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறான் என்று நான் கேட்க, பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் புடவையைப் பையில் போட்டுக்கொண்டே என் கழுத்தை ஒருதரம் பார்த்தான்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க, நீங்க இன்னும்..."

"இல்லடா. நீ?"

"பில்லைப் போடு தம்பி" என்று பின்னால் நின்ற ஐயா சிங்களத்தில் சத்தம் போட்டார்.