தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் தத்துவத்தை எங்கே போய்ப் படிப்பது?

நம் ஊரில் தத்துவம் எடுத்துப் படித்தவர்களில் பிரெடரிக் காப்பிள்ஸ்டன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மேலைத் தத்துவத்தின் வரலாற்றை ஒன்பது தொகுதிகளில் எழுதிய, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் பாதிரியார். 1948ல் பி.பி.சி. வானொலியில், கடவுள் இருக்கிறாரா என்று தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு வாதம் செய்தவரும் அவர்தான். குருமாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே அந்தத் தொகுதிகளை அவர் எழுதத் தொடங்கிய இடம், இங்கிலாந்தின் ஹீத்ராப் கல்லூரி. 1946ல் முதல் தொகுதி வந்தது. பின்னால் அந்தக் கல்லூரிக்கே அவர் முதல்வரானார்.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. 2018ல் பாடங்கள் நின்றன, 2019 தொடக்கத்தில் சட்டப்படியும் கதை முடிந்தது. காரணம் பணம்.

இப்படி ஒரு சின்ன மதக் கல்லூரி மூடப்பட்டால் இரண்டு பேச்சு உடனே வரும். "மதக் கல்லூரிதானே, போகட்டும்" என்பது ஒன்று. "ஆள் சேரவில்லை என்றால் மூட வேண்டியதுதானே" என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல.

முதலில் மதக் கல்லூரி விஷயம். 1614ல் இது தொடங்கியது இங்கிலாந்திலேயே இல்லை, இப்போது பெல்ஜியத்தில் இருக்கும் லூவேனில். கத்தோலிக்கர்கள் தங்கள் குருக்களைச் சொந்த நாட்டில் வைத்துப் படிக்கவைக்கச் சட்டம் அனுமதிக்காத காலம் அது. பிறகு லியேஜ் நகரத்துக்குப் போனது. 1773ல் போப்பாண்டவரே இயேசு சபையைக் கலைத்தார் (பின்னால் சபை மறுபடி உயிர்பெற்றது). 1794ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெருங்கி வந்தபோது இங்கிலாந்துக்குத் தப்பி வந்து ஸ்டோனிஹர்ஸ்டில் ஒதுங்கினார்கள். 1926ல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஹீத்ராப் என்ற இடத்துக்குக் குடிபோனார்கள், பெயர் அப்படித்தான் வந்தது. 1970ல் லண்டனுக்கு வந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஆனார்கள்.

இந்தக் கடைசி மாற்றம்தான் முக்கியம். அதுவரை குருமாணவர்களுக்கான இடமாக இருந்தது எல்லாருக்கும் திறந்துவிட்டது. பெண்கள் வந்தார்கள், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கர்கள் வந்தார்கள், வேறு மதத்தவர் வந்தார்கள், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்து இறையியல் படித்தார்கள். தத்துவமும் இறையியலும்தான் அங்கே பிரதானம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்த நூலகம். பாதிரியார்கள் நடத்திய கல்லூரி என்பது உண்மை. ஆனால் கடவுளுக்குச் சொல்லப்பட்ட நிரூபணங்களைக் கேள்வி கேட்ட கான்டையும் ஹியூமையும், கத்தோலிக்கச் சிந்தனையாளர் அக்வினாஸையும் ஒரே மேசையில் வைத்துப் பேசிய கல்லூரி என்பதும் உண்மை. மதத்தை வெளியிலிருந்து திட்டுவதற்கும் உள்ளே இருந்து கும்பிடுவதற்கும் இடம் ஏராளம். கேள்வி கேட்டுப் படிக்கிற இடம்தான் எங்கேயும் குறைவு.

பாடம் நடத்திய முறையையும் சொல்ல வேண்டும். இளங்கலை மாணவர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பார். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அந்த ஒரு மாணவரோடு தனியாக உட்காருவார். "இங்கே ஏன் இப்படிச் சொன்னாய், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வருகிறது" என்று கேட்பார். மாணவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், பக்கத்து பெஞ்சின் பின்னால் ஒளிய முடியாது. தத்துவம் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. செலவு அதிகம் பிடிக்கிற வழியும் இதுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். "ஆள் சேரவில்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆள் ஏன் சேரவில்லை? 2008லிருந்து இங்கிலாந்தில், ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படித்தால் அவருக்கான அரசு மானியத்தை நிறுத்தினார்கள். தத்துவமும் இறையியலும் படிக்க வருகிறவர்களில் பலர் நடுவயதுக்காரர்கள், ஒரு பட்டத்தோடு வேலையில் இருப்பவர்கள். முதல் அடி அவர்கள் மேல் விழுந்தது. 2012ல் கல்விக் கட்டண உச்சவரம்பு மூவாயிரத்துச் சொச்சம் பவுண்டிலிருந்து 9,000 பவுண்டுக்கு ஏறியது. கூடவே, ஆய்வகம் தேவைப்படாத கலைப் பாடங்களுக்கு அரசு தந்துவந்த கற்பித்தல் மானியம் ஏறக்குறைய முழுதாகப் போனது. அதன் பிறகு நாடு முழுக்கப் பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 2015ல் ஒரு பல்கலைக்கழகம் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் வேண்டிய மட்டும் சேர்த்துக்கொண்டன.

இதன்படி ஒரு கல்லூரிக்கு வருமானம் என்பது தலைக்கு இவ்வளவு. ஐநூறு பேரை ஒரே அரங்கில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் மிச்சம் பிடிக்கலாம். ஒருவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால் நஷ்டம். ஆனால் தரக் கட்டுப்பாடு, பதிவேடு, கணக்குத் தணிக்கை, அரசுக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு உள்ள மாதிரியே சின்னக் கல்லூரிக்கும் உண்டு. சில நூறு பேர் கட்டும் கட்டணத்தில் அத்தனையும் நடக்க வேண்டும். இயேசு சபை பல வருடம் கைக்காசைப் போட்டுத்தான் ஓட்டியது. 2015 ஜூனில், 2018க்குப் பிறகு தொடர முடியாது என்று நிர்வாகக் குழு அறிவித்தது. டுவிக்கனமில் இருக்கும் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தோடு சேரலாமா என்று பேசிப் பார்த்தார்கள், 2016ல் அதுவும் முறிந்தது.

கென்சிங்டன் சதுக்கத்தில், லண்டனிலேயே விலை கூடிய பகுதி ஒன்றில், அவ்வளவு பெரிய இடத்தை வைத்துக்கொண்டு காசில்லை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இடத்தை விற்ற காசில் எத்தனை வருடம் சம்பளம் போடுவது? வருடா வருடம் துண்டு விழுகிற ஏற்பாடு அப்படியேதானே இருக்கும்! லூவேனிலிருந்து லியேஜுக்கும் லியேஜிலிருந்து ஸ்டோனிஹர்ஸ்டுக்கும் போன மாதிரி இந்தமுறை இடம் மாறித் தப்பிக்கவும் வழியில்லை. பட்டம் கொடுக்க வேண்டுமானால் இங்கிலாந்தில் எங்கே போனாலும் இதே கணக்குதான்.

மூடிய விதத்தில் மட்டும் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அறிவித்த நாளுக்கும் மூடிய நாளுக்கும் மூன்று வருடம் இடைவெளி விட்டார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நூலகப் புத்தகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நூலகம் வழியாகத் தொடர்ந்து படிக்க ஏற்பாடு செய்தார்கள்.

எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வட கோடியில் ஹான்காக் என்ற ஊரில் ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் இருந்தது. செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஃபின்லாந்துக்காரர்களின் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபை 1896ல் தொடங்கியது. 2023 மார்ச் தொடக்கத்தில், அடுத்த கல்வியாண்டுக்கு யாரையும் சேர்க்கப்போவதில்லை என்று திடீரென்று அறிவித்தார்கள். தாங்க முடியாத கடன் என்றார்கள். இடையில் இருந்த மாணவர்கள் அந்தப் பருவம் முடிவதற்குள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. கடன் ஒரே ராத்திரியில் ஏறுவதில்லை. கணக்கு பார்க்கிறவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும். தெரிந்தும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே இருப்பது, என்னைக் கேட்டால், அவர்களுக்குச் செய்கிற துரோகம். மதத்தின் பெயரால் நடக்கிற கல்லூரி என்றால் இந்த விஷயத்தில் கூடுதல் நேர்மையைத்தான் எதிர்பார்ப்பேன்.

அப்புறம் நம் பக்கம். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரிகளில், ஒப்புதல் பெற்ற பணியிடத்துக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. இயேசு சபை நடத்தும் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை லயோலா மாதிரி கல்லூரிகளும் இதில் அடக்கம். வகுப்பில் பத்துப் பேர் இருந்தாலும் ஆசிரியருக்குச் சம்பளம் வருகிற இந்த ஏற்பாடு ஹீத்ராப்புக்கு இருந்திருந்தால் அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத்தான் நாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறோம். ஓய்வுபெற்றவர் இடம் காலியாகவே கிடக்கிறது, புதிதாக வருகிற பாடமெல்லாம் சுயநிதிப் பிரிவில் வருகிறது. தத்துவத்தைச் சுயநிதியில் யார் தொடங்குவார்கள்?

தத்துவம், மொழியியல், தொல்லியல் மாதிரி சின்னத் துறைகளில் வேலை பார்க்கிற நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் துறையில் எத்தனை அரசுப் பணியிடம் எத்தனை வருடமாக நிரப்பப்படாமல் இருக்கிறது என்று எழுதுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். தொகுத்துத் தனிப்பதிவாகப் போடுகிறேன்.