அரியலூர் முதலிடம். சரி, இந்த வருட இலக்கு என்ன?

2025 மே 8-ஆம் தேதி பிளஸ் 2 ரிசல்ட் வந்தபோது நான் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா போனைப் பார்த்துவிட்டு, "நம்ம மாவட்டந்தான் ஃபர்ஸ்ட்டாம்டி" என்று பக்கத்துப் பழக்கடைக்குக் குரல் கொடுத்தார். அவர் வீட்டில் யாரும் பரீட்சை எழுதவில்லை, நான் கேட்டேன். இருந்தும் முகமெல்லாம் சிரிப்பு. அரியலூர் 98.82 சதவீதம், மாநிலம் 95.03. அரசுப் பள்ளிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் நாம்தான் முதல். அதற்கு முந்தைய வருடம், 2024-ல், பத்தாம் வகுப்பிலும் 97.31 எடுத்து முதலிடத்தில் நின்றோம்.

இந்த எண்களுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2001-ல் தனி மாவட்டம் என்றார்கள், அடுத்த வருடமே பெரம்பலூரோடு மறுபடி சேர்த்தார்கள், 2007-ல்தான் நிரந்தரமாகப் பிரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், அரியலூரில் 71 சொச்சம். தமிழ்நாட்டிலேயே கடைசி வரிசை. சுண்ணாம்புக்கல் லாரியும் முந்திரிக் கொல்லையும்தான் எங்களைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கைநாட்டு வைத்த பெற்றோரின் பிள்ளைகள் மாநிலத்திலேயே முதலில் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து பாடம் நடத்திய ஆசிரியர்கள், சாயந்திரம் ஏழு மணி வரை பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்து பிஸ்கட் வாங்கிக் கொடுத்த தலைமையாசிரியர்கள் இவர்களுக்கெல்லாம் நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. முன்னாள் மாணவி என்ற முறையில் எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். முதல் கூட்டத்தில் இந்த வருட இலக்கு என்று ஒரே வரிதான் பதிவேட்டில் ஏறியது: பத்திலும் பன்னிரண்டிலும் நூறு சதவீதத் தேர்ச்சி. பக்கத்து ஒன்றியங்களில் இருக்கும் தோழிகளிடம் கேட்டேன். அங்கேயும் அதே வரி. திருமானூரில் அதே, செந்துறையில் அதே, தா.பழூரில் அதே.

98.82-லிருந்து நூறு. இருப்பது ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. ஒரு மாவட்டம் முழுவதும் ஒரு வருடம் இதற்காக ஓடப்போகிறது என்றால், அந்த ஓட்டம் எந்தப் பிள்ளைகளைத் தாண்டி ஓடுகிறது என்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் தெருவில் நான் தன்னார்வலர். தினமும் சாயந்திரம் ஐந்திலிருந்து ஏழு வரை எங்கள் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். பிறகு திட்டம் எங்கள் தெருவில் முடிந்துபோனாலும் சில பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை. 2023-ல் அப்படி வர ஆரம்பித்தவன் இவன். அப்போது எட்டாம் வகுப்பு. நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. சிவப்புப் பேனாவில் மார்ஜின், தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு, எல்லாப் பக்கத்திலும் ஆசிரியரின் 'குட்'. சமூக அறிவியல் விடை ஒன்றை எழுதி முடித்தான். "நீ எழுதினதை வாசிச்சுக் காட்டு தம்பி" என்றேன். கடகடவென்று ஆரம்பித்தான். ஆனால் கண் நோட்டில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. மனப்பாடம். நான் மேல் வரிகளைக் கையால் மறைத்துவிட்டு நடுவில் ஒரே ஒரு சொல்லைக் காட்டினேன். 'தொழிற்சாலை'. அவன் நெடுநேரம் பார்த்தான். 'த' என்றான். 'ழ' என்றான். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் என்ன ஓசை என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் பள்ளிக்குப் போன பிள்ளை. கரும்பலகையில் இருப்பதைக் கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். கையெழுத்து அழகாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவன் எப்படி விட்டுப்போனான் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடும்போது நாலாவது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அப்போது இவன் ஆறாவது. நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் மாடு மேய்த்திருக்கிறான், அப்பாயியோடு முந்திரி பொறுக்கப் போயிருக்கிறான். அரைகுறையாகத் தெரிந்த எழுத்தும் மறந்துவிட்டது. ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு நடத்த வேண்டிய பாடம் ஆறாம் வகுப்புப் பாடம். 'எண்ணும் எழுத்தும்' என்ற நல்ல திட்டம் 2022-ல் வந்தது, ஆனால் முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான் வந்தது. பள்ளி மூடும்போது இரண்டாவது, மூன்றாவது, நாலாவது படித்த பிள்ளைகளை அந்தத் திட்டம் தொடவே இல்லை. அவர்கள் அதற்குள் மேலே போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இந்த 2025-26-ல் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. நம் மாவட்டத்தின் அடுத்த மூன்று வருட ரிசல்ட் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, வாசிக்கத் தெரியாத பிள்ளை பத்தாவது எப்படிப் பாஸாகும் என்று கேட்பீர்கள். ஆகும். கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் கேள்வி 14. ஜாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8, ஆக 16. அந்த இரண்டையும் கை பழகும்வரை போட்டுப் போட்டு, ஒரு மார்க்கில் முக்கால்வாசியை ஒப்பித்து, நாலைந்து இரண்டு மார்க் கேள்வியைத் தொட்டுவிட்டால் 35 வந்துவிடும். அறிவியலில் செய்முறைக்கே 25 இருக்கிறது. இதற்கென்றே 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒரு மெல்லிய புத்தகம். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல். ஜனவரியில் இருந்து அந்தப் பட்டியல் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு.

இதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளைக்கு அந்த 35 என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பாஸானால் பிளஸ் 1 சேருவாள், அப்புறம் காலேஜ், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். ஃபெயிலானால் அடுத்த வைகாசிக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவான், இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ். அந்த 35-க்காக ராப்பகலாய் உழைக்கிற ஆசிரியர் பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றுகிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கேள்வி, பத்தாம் வகுப்பு ஜனவரியில் போடுகிற அந்த உழைப்பில் பாதியை ஆறாம் வகுப்பு ஜூலையில் ஏன் போடக் கூடாது என்பதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண் எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை, எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

தேர்ச்சி சதவீதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு. எழுத வராத பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 தமிழ்ப் பரீட்சைக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்று செய்தி வந்தது நினைவிருக்கும். அத்தனை பேர் வராமலேயே அந்த வருட ரிசல்ட்டும் நன்றாகத்தான் வந்தது. ஒன்பதாவதிலேயே நின்றுபோன பிள்ளை இன்னும் கண்ணுக்குத் தெரியாது. நூறு என்ற இலக்கை மட்டும் வைத்து ஒரு பள்ளியை நெருக்கினால், அந்த நெருக்கடி கடைசியில் யார் தலையில் இறங்கும்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரு அம்மாவை அழைத்து, "இவன் இந்த வருஷம் எழுத வேண்டாம், டுடோரியல்ல சேர்த்து தனித்தேர்வரா எழுத வைங்க, அதான் அவனுக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவனுக்கு நல்லதா, அவங்களுக்கு நல்லதா பாப்பா?" டி.சி. வாங்கிக்கொண்டு போன பையன் இப்போது அரியலூரில் ஒரு லாரி பட்டறையில் இருக்கிறான். அந்தப் பள்ளிக்கு அந்த வருடம் நூறு சதவீதம். மேடையில் கேடயம் கொடுத்தார்கள்.

மார்க் ஒன்று, வாசல் வேறொன்று என்பதை எங்கள் மாவட்டத்தைவிட அதிகமாகப் பட்டு உணர்ந்த மாவட்டம் கிடையாது. குழுமூர் அனிதா 2017-ல் பிளஸ் 2-வில் 1200-க்கு 1176 வாங்கினாள். நீட் அவளை உள்ளே விடவில்லை. அந்தப் பிள்ளை போன பிறகுதான், 2020-ல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2022-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அந்தக் கல்லூரியைத் தாண்டி பஸ் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கேள்வி வரும். 98.82-ல் பாஸான பிள்ளைகள் இந்த ஜூலையில் எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேர் காலேஜில், எத்தனை பேர் ஐ.டி.ஐ.யில், எத்தனை பேர் கொல்லையில்? சேராதவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்துகிறார்கள், அது பெரிய காரியம். அப்படியென்றால் யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது. ரிசல்ட் அன்றைக்கு மாவட்ட வாரியாகச் சதவீதம் சொல்வதுபோல ஆகஸ்ட்டில் இதையும் சொல்லட்டுமே. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இந்த வருட இலக்காக நான் கேட்பது இதுதான். அரையாண்டுத் தேர்வுக்குள், ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை, அரியலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தமிழில் ஒரு பக்கத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்து, வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல முடியாத பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது நடக்கக்கூடிய காரியம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் இந்த வகுப்புகளுக்காகவே 'திறன்' என்று ஒரு பயிற்சியைப் பள்ளிக்கல்வித் துறை இந்த 2025-26 கல்வியாண்டில் கொண்டுவருகிறது. அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் கூடவே பயமும் இருக்கிறது. அது எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளத்தில், டிக் போடுகிற வேலையாக மாறிவிடக் கூடாது. ஏற்கெனவே எமிஸில் பதிவு, போட்டோ, படிவம் என்று ஆசிரியரின் பாதி நேரம் போனில் போகிறது. ஒரு பிள்ளை வாசிக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று நிமிடம் போதும். பக்கத்தில் உட்கார வைத்து, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பாடப்புத்தகம் கூடாது, அது மனப்பாடமாக இருக்கும். நாற்பது பேர் வகுப்புக்கு இரண்டு மணி நேரம்.

அந்தப் பையனுக்கும் எனக்கும் நாலு மாதம் பிடித்தது. அரிச்சுவடியைக் கையில் கொடுத்தால் அவனுக்கு அவமானம், எட்டாவது படிக்கிறான் இல்லையா. அதனால் பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, சிமெண்ட் மூட்டை, சினிமா போஸ்டர் என்று வெளியில் இருப்பதையெல்லாம் வாசித்தோம். கொம்பு வரும்போதெல்லாம் நிறுத்திவிடுவேன். கொ, கோ, கௌ என்று விரலால் காற்றில் எழுதுவான். ஐப்பசியில் ஒரு நாள் ஓடி வந்தான். "அக்கா, வீட்டுக்குப் பத்திரிகை வந்துச்சு. அப்பாயி எங்க தாத்தா பேரு போட்டிருக்காங்களானு கேட்டுச்சு. நான் முழுசா வாசிச்சேங்கா, ஸ்ரீல இருந்து அச்சகம் பேரு வரைக்கும்." அப்பாயி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்களாம்.

அவன் இந்த வருடம் பத்தாவது. பாஸாகிவிடுவான், எனக்குக் கவலை இல்லை. அவன் வகுப்பிலேயே இன்னும் ஆறு பேர் சுவரைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள் என்று அவனே சொன்னான். எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாதவர்களை அவனால் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடிகிறது.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம். நூறு சதவீதத் தேர்ச்சிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன்: வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இன்றைக்கு எத்தனை பேர், ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அது எத்தனையாகக் குறைந்தது. பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். ஆண்டிமடம், செந்துறை, திருமானூர், தா.பழூர் பக்கம் குழுவில் இருப்பவர்கள் உங்கள் பள்ளியிலும் இதே வரியைக் கேளுங்கள். பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான், தீர்மானம் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் அந்த ஆறு பேருக்கும் வகுப்பு. பழைய வாரப் பத்திரிகை, சிறுவர் மலர், கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள்.