மேற்கோளுக்குள் போட்டால் போதுமா?

'பேட்ச் ஃபைலில் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் எந்த எழுத்து வந்தாலும் பிரச்சினை இல்லை' என்று ஒரு குறிப்பு திருப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களிடம் சுற்றுகிறது. (பேட்ச் ஃபைல் என்பது விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட், மாறி என்பது ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்.) தவறுங்க, இதை நம்பி யாரும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம்.

நம் ஊரில் துணியின் டயாவை (விட்ட அளவை) அங்குலக் குறியோடுதான் அடிப்பார்கள். ஒருவர் 24" & 30" என்று அடித்தால், விண்டோஸ் % குறிக்குள் இருக்கும் மாறியை முதலில் விரித்துவிட்டு (பெயர் இருந்த இடத்தில் மதிப்பைப் போட்டுவிட்டு) அப்புறம்தான் வரியைப் பிரித்துப் படிக்கும் என்பதால், 24-க்குப் பின்னால் வரும் குறியிலேயே மேற்கோள் மூடிக்கொள்ளும், & வெளியே வந்துவிடும், அதற்கடுத்து இருப்பது தனிக் கட்டளையாக ஓடும். 30 என்றொரு கட்டளை இல்லாததால் பிழைச்செய்தியோடு போகும். அந்த இடத்தில் ஃபைலை அழிக்கும் கட்டளை இருந்தால்?

% குறியையும் மேற்கோள் தடுக்காது. ஸ்கிரிப்டுக்குள் "காட்டன் 60% பாலி 40%" என்று எழுதினால், இரண்டு % குறிகளுக்கு நடுவில் இருப்பதை மாறியின் பெயராக எடுத்துக்கொள்வதால் "காட்டன் 60" மட்டும்தான் மிஞ்சும், அங்கே %% என்று இரட்டிக்க வேண்டும்.

சரி, உள்ளீட்டுக்கு என்ன செய்வது? தாமத விரிவாக்கத்தை (setlocal EnableDelayedExpansion) இயக்கி, மாறியை ! குறிகளுக்குள் எழுதுங்கள். வரியைப் பிரித்த பிறகே அது விரியும், அதனால் & வந்தாலும் வெறும் எழுத்துதான். ஆனால் ஃபார் லூப்பில் வரும் மதிப்பில் ! இருந்தால் காணாமல் போகும், லூப்புக்குள் மதிப்பை மாறியில் வாங்கிய பிறகே தாமத விரிவாக்கத்தை இயக்குங்கள்.