தண்டல் கட்டுற நாணயம் சிபிலுக்குத் தெரியாது

சென்னை காசிமேட்டுல மீன் விக்கிற அக்கா பத்தாயிரம் தண்டல், அதாவது தினவசூல் கடன் வாங்கினா கையில வர்றது 8,500தான். தினம் 100 ரூபா, 100 நாள். மழையோ புயலோ, 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ, எதுலயும் தவறாம கட்டுவாங்க. அந்த நாணயம் எந்த கம்ப்யூட்டர்லயும் ஏறாது. பேங்குக்குப் போனா, கடனை எவ்வளவு ஒழுங்கா கட்டுறோம்னு 300லேருந்து 900 வரைக்கும் மார்க் போடுற சிபில் ஸ்கோர்ல அவங்களுக்கு நம்பரே கிடையாது. கடன் வரலாறு இல்லையாம்! ஏன்னு கேட்டா “சிஸ்டம் எடுக்கலம்மா”. வயிறு எரியறது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். கடன் மறுத்தா முக்கியக் காரணத்தை எழுத்துல தரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. யார் தர்றாங்க?

ஸ்கோர் இருக்கிறவங்களுக்கும் நிம்மதி இல்ல. தீபாவளி சரக்கு எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைக்காரர் ஒரே வாரத்துல அஞ்சு கடன் ஆப்ல விண்ணப்பிச்சா, கடன் கேட்ட அஞ்சு விசாரணையா பதிவாகி ஸ்கோர் இறங்கும். போன் தவணை பாக்கியைக் குறைச்சுப் பேசி முடிச்சா ‘குளோஸ்டு’ன்னு வராது, ‘செட்டில்டு’ன்னு விழும். அடுத்த கடனுக்கு வழியை அடைக்கிற வார்த்தை அது. மச்சான் ஆட்டோவுக்கு ஜாமீன் போட்டிருந்தா அவர் தவறின தவணையும் உங்க சிபில் ரிப்போர்ட்ல சேரும்.

வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், வாங்கிப் பாருங்க. தப்பா ஏறியிருந்தா புகார் குடுங்க, 30 நாள்ல தீர்க்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபா இழப்பீடு. கட்டி முடிச்ச கடனுக்கு, பாக்கி இல்லைன்னு சொல்ற நோ டியூஸ் கடிதம் வாங்காம கிளையை விட்டு நகராதீங்க.