மருத்துவப் பட்டம் இல்லாதவரும் அறுவை சிகிச்சை செய்யட்டும்

ஏழை நாடுகளின் மாவட்ட மருத்துவமனைகளில், முறையாகப் பயிற்சி பெற்றிருந்தால், மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும் அவசர அறுவை சிகிச்சை செய்யலாம். செய்ய வேண்டும் என்றே சொல்வேன். இதைச் சொன்னவுடன் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. “போலி டாக்டர்” என்கிறார்கள். “ஏழை என்றால் அரைகுறை வைத்தியம் போதுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது.

1975-இல் போர்ச்சுகலிடமிருந்து அந்த நாடு விடுதலை பெற்றபோது, அங்கிருந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டு 1992 வரை நீடித்தது. சாலைகளில் கண்ணிவெடிகள். கடற்கரை மட்டுமே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளும் நாடு அது. வடக்கே ஒரு மாவட்டத்தில் பிரசவம் சிக்கலானால், தெற்குக் கோடியிலுள்ள தலைநகர் மாபுட்டோவுக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அரசு 1984-இல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. கிராமப்புறங்களில் ஏற்கெனவே வேலை பார்த்து அனுபவம் பெற்றிருந்த செவிலியர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகள் அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் தலைநகரின் பெரிய மருத்துவமனையில், மூன்றாம் ஆண்டு மாகாண மருத்துவமனையில். சிசேரியன், குடலிறக்கம், வயிற்றைத் திறந்து செய்யும் அவசர சிகிச்சைகள், எலும்பு முறிவு, போர்க் காயங்கள் எல்லாம் கற்றுக்கொண்டார்கள். ‘டெக்னிகோ’ என்பது அங்கே அவர்களுக்கு வழங்கும் பெயர். இந்தத் திட்டத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர், அந்நாட்டின் சுகாதார அமைச்சராகவும் இருந்த அறுவை மருத்துவர் பெர்னாண்டோ வாஸ்.

அரைகுறை வேலையா என்று அந்நாட்டு மருத்துவர்களே சோதித்தும் பார்த்தார்கள். மாபுட்டோவில் நடந்த 2,071 சிசேரியன்களை எடுத்து, நிபுணர்கள் செய்ததையும் டெக்னிகோக்கள் செய்ததையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியிட்டார்கள். தோல் தையல் பிரிவது மட்டும் டெக்னிகோக்களிடம் சற்றே அதிகம். குறிப்பிடத்தக்க வேறு வித்தியாசம் தென்படவில்லை. 2002-ஆம் ஆண்டில் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 92 விழுக்காட்டைச் செய்தவர்கள் அவர்கள்தான்.

என்னை மிகவும் பாதித்தது இன்னொரு கணக்கு. மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏழு ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். டெக்னிகோக்களில் 88 விழுக்காட்டினர் இருந்தார்கள். மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. மருத்துவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மேல்படிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நகரத்துச் சம்பளம் என்று போவதற்கு அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஆள் மாறுகிற, பாதி நாள் ஆளே இல்லாத மருத்துவமனையில், மருத்துவர் மட்டுமே அறுவை செய்யலாம் என்று எத்தனை நல்ல சட்டம் இருந்து என்ன பயன்?

தடைப்பட்ட பிரசவம் என்றால் என்னவென்று தெரிந்தால் இதன் அவசரம் புரியும். குழந்தை வெளியே வர வழியில்லாமல் தலை இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. வலி நிற்பதில்லை. கர்ப்பப்பை கிழிந்தால் தாயின் உடலுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது. கிழியாமல் தப்பினாலும், நாள்கணக்கில் தலை அழுத்திய இடத்தில் சதை செத்துச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுகிறது. அதன்பின் சிறுநீர் ஓயாமல் கசிகிறது. அந்த வாடைக்காகவே கணவனாலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இன்றும் இருக்கிறார்கள். இத்தனையையும் தடுக்க உரிய நேரத்தில் ஒரு சிசேரியன் போதும். நிபுணர் வேண்டுமா, டெக்னிகோ வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அந்தப் பெண்ணுக்கு இல்லை. டெக்னிகோவும் இல்லையென்றால் அவளுக்கு யாருமே இல்லை.

2015-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் உலகக் கணக்கைச் சொன்னது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாழும் மிக ஏழை நாடுகளில் நடப்பவை மொத்த அறுவை சிகிச்சைகளில் வெறும் 6 விழுக்காடு. சிசேரியன், வயிற்று அறுவை, சதை கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்றது அந்த ஆணையம். இதை நிபுணர்களை மட்டுமே வைத்து நிறைவேற்றுவோம் என்பவர்கள், அது எந்த ஆண்டில் நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை பிறக்க வேண்டிய குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள்.

கத்தி பிடிக்கத் தெரிந்த கை மட்டும் போதாது, உண்மைதான். ரத்தம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், மயக்க மருந்து வேண்டும். பெரிய இயந்திரங்கள் இல்லாத இடங்களில் கெட்டமின் என்ற மயக்க மருந்துதான் கை கொடுக்கிறது. மலிவானது, நோயாளியின் மூச்சை எளிதில் அடக்கிவிடாதது. 2015-இல் அதைப் போதைப்பொருளாகச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஐ.நா. ஆணையத்தில் சீனா முன்மொழிந்தது. ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சையே முடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எதிர்த்ததால் அது நின்றது. மயக்க மருந்து நிபுணர்கள் நிறைந்த நாடுகளின் வசதிக்கு விதி எழுதினால் அடிபடுவது யார் என்பதற்கு இதுவே போதுமான சாட்சி.

மொசாம்பிக் திட்டத்திலும் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. ஒரு பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைக்கு நிபுணர் வழியில் 144 டாலரும் டெக்னிகோ வழியில் 39 டாலரும் செலவாவதாக 2007-இல் கணக்கிட்டார்கள். எல்லோரும் அதைப் பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி டெக்னிகோக்களின் குறைந்த சம்பளத்திலிருந்து வந்தது. அதே வேலையைச் செய்துவிட்டு மருத்துவருக்குக் கிடைப்பதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, பதவி உயர்வுக்கும் வழியில்லாமல் நெடுங்காலம் கிடந்தார்கள். அவர்களே இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நடுராத்திரியில் எழுப்பப்பட்டு அறுவை அரங்குக்குப் போகிறவருக்கு வேலைக்கேற்ற சம்பளம் வேண்டும், மேலே படிக்க இடம் வேண்டும், நோயாளி இறந்து வழக்கு வந்தால் துணை நிற்கும் சட்டம் வேண்டும். கட்டடம் கட்டிக்கொடுத்துத் திறப்பு விழா நடத்தும் பணக்கார நாடுகள், அதற்குப் பதிலாக இந்தச் சம்பளத்தை ஒரு பத்தாண்டு ஏற்றுக்கொள்ளட்டும். ஏழை நாடுகளில் படித்து வந்த மருத்துவர்களைத் தங்கள் மருத்துவமனைகளில் வைத்திருக்கும் அந்த நாடுகளிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.